எஃகுக் காற்றுக்கலனைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தியோமான், பெர்ஹெந்தியான் தீவுகளுக்குச் சென்றவர்கள் படகுத்துறையில் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் காற்றுக்கலன்களைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கூபா முக்குளிப்பாளர்கள் முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவது இவற்றோடுதான். பலர் இதை உயிர்வளி சிலிண்டர் என்கிறார்கள். அது சரியல்ல. பொதுவாக உள்ளே இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்று. அதை வடிகட்டி, அமுக்கி அடைத்திருக்கிறார்கள்.

நம் தீவுகளில் காணப்படுபவை பெரும்பாலும் அலுமினியக் கலன்கள். குளிர்நாடுகளில் முக்குளிப்பவர்களோ எஃகுக் கலனை விரும்புகிறார்கள். எஃகுக் கலன் வாங்குபவர் மூன்றைப் பார்க்க வேண்டும்: கொள்ளளவு, அழுத்தத் தரம், மேற்பூச்சு. கடையில் புதிதாக இருக்கும்போது எல்லாக் கலனும் நன்றாகத்தான் இருக்கும். முக்குளிப்பின் கடைசி நிமிடங்களில் அது எப்படி நடந்துகொள்ளும், பல ஆண்டுகள் உப்புநீரில் பயன்பட்ட பிறகு எப்படி இருக்கும் என்பவைதான் உண்மையான கேள்விகள்.

எவ்வளவு காற்று இருக்கிறது?

கலனின் கொள்ளளவை அதன் அழுத்தத்தால் பெருக்கினால், உள்ளே எத்தனை லிட்டர் காற்று இருக்கிறது என்று தோராயமாகத் தெரிந்துவிடும். இது பாயில் விதி. பரவலாகப் பயன்படும் அலுமினியக் கலனின் கொள்ளளவு 11.1 லிட்டர், அழுத்தம் 207 பார். பெருக்கினால் ஏறத்தாழ 2,300 லிட்டர் வருகிறது. 12 லிட்டர் எஃகுக் கலனை 232 பாருக்கு நிரப்பினால் 2,784 லிட்டர். கார் சக்கரத்தில் இருப்பது 2 பாரைவிடச் சற்று அதிகம்தான். அப்படியானால் இந்தக் கலனுக்குள் இருப்பது அதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு அழுத்தம்!

இந்தக் காற்று எவ்வளவு நேரம் வரும்? கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் 1 பார் கூடுகிறது. 20 மீட்டர் ஆழத்தில் மொத்தம் 3 பார். தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர், அங்கே 60 லிட்டர் செலவழிப்பார். அதனால் கலன் சற்றுப் பெரிதாக இருந்தாலும் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கும்.

300 பார் என்றால் மேலும் சிறந்ததா?

10 லிட்டர், 300 பார் எஃகுக் கலனும் கிடைக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 3,000 லிட்டர். சிறிய கலனில் அதிகக் காற்று! ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. பாயில் விதி, காற்றின் மூலக்கூறுகளுக்குப் பருமனே இல்லை என்பதுபோல் கணக்கிடுகிறது. 200 பாரைத் தாண்டும்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருக்கி, இனி அமுக்க முடியாது என்று முரண்டு பிடிக்கத் தொடங்குகின்றன. எனவே 300 பார் கலனில் உண்மையில் சுமார் 2,700 லிட்டர்தான் அடங்கும். 12 லிட்டர், 232 பார் கலனில் சுமார் 2,650 லிட்டர் அடங்கும். காகிதத்தில் 216 லிட்டராக இருந்த வேறுபாடு, கலனுக்குள் ஏறத்தாழ 50 லிட்டராகச் சுருங்கிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் போகும் தீவில் உள்ள காற்றழுத்தி இயந்திரம் 200 பார் வரைதான் நிரப்பும் என்றால், அந்த 10 லிட்டர் கலனில் 2,000 லிட்டருக்கும் குறைவான காற்றே இருக்கும். அதாவது சாதாரண அலுமினியக் கலனைவிடக் குறைவு. 300 பார் கலனுக்குத் தனி வகைத் திருகு வால்வும் வேண்டும். ஆகவே, அழுத்தத் தரத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அதை நிரப்பப்போகும் இடத்தைக் கேட்டறிவது நல்லது.

காற்றுக்கும் எடை உண்டு

ஒரு லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். 2,200 லிட்டர் என்றால் 2.6 கிலோ. முக்குளிப்பாளர் சுவாசிக்கச் சுவாசிக்கக் கலன் இலேசாகிறது. 50 பார் மீதம் வைத்து மேலே வரும்போது ஏறத்தாழ 2 கிலோ குறைந்திருக்கும்.

இப்போது ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைத் துணைக்கு அழைப்போம். அலுமினியம் எஃகு அளவுக்கு வலிமையானது அல்ல. அதே அழுத்தத்தைத் தாங்க அதன் சுவர் பல மடங்கு தடிமனாக இருக்க வேண்டும். அலுமினியக் கலனின் எடை சுமார் 14 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அலுமினியத்தின் அடர்த்தி 2.7. எனவே உலோகம் மட்டும் 5.2 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். உட்புறக் கொள்ளளவையும் சேர்த்தால் 16.3 லிட்டர். அவ்வளவு கடல்நீரின் எடை 16.7 கிலோ. வால்வின் எடையைக் கழித்தாலும், காலியான கலனைக் கடல் சுமார் 2 கிலோ விசையோடு மேலே தள்ளும்.

அதே 14 கிலோ எடையுள்ள 12 லிட்டர் எஃகுக் கலனை எடுத்துக்கொள்ளுங்கள். எஃகின் அடர்த்தி 7.8. உலோகம் 1.8 லிட்டர், மொத்தம் 13.8 லிட்டர். வெளியேற்றும் கடல்நீர் 14.1 கிலோ. வால்வையும் சேர்த்தால் இந்தக் கலன் காலியானாலும் மிதக்காது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? மேலே வருவதற்கு முன் முக்குளிப்பாளர்கள் வழக்கமாக 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிற்பார்கள். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெல்ல வெளியேற அது உதவும். கலன் மிக இலேசாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். போதிய எடை இல்லாதவரைக் கடல் மேலே தூக்கிவிடும். 5 மீட்டரில் 1.5 பாராக இருக்கும் அழுத்தம் மேற்பரப்பில் 1 பாராகக் குறைகிறது. மூச்சை அடக்கியபடி மேலே போனால், நுரையீரலில் உள்ள காற்று ஒன்றரை மடங்கு விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதனால் அலுமினியக் கலனைப் பயன்படுத்துபவர் தொடக்கத்திலேயே இடுப்பில் 2 கிலோ ஈயம் கூடுதலாகக் கட்டிக்கொள்கிறார். எஃகுக் கலனில் அந்த வேலையைக் கலனே செய்துவிடுகிறது.

சாயமா, துத்தநாகமா?

எஃகின் எதிரி துரு. அதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கெட்டியான சாயம் பூசுவது. அழகாக இருக்கும். ஆனால் படகில் இடிபட்டு ஓரிடத்தில் சாயம் பெயர்ந்தால், உப்புநீர் உள்ளே புகுந்து சாயத்துக்கு அடியிலேயே துரு பரவும். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

இன்னொன்று, ஏறத்தாழ 450 பாகை செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் கலனை முக்கி எடுப்பது. தோட்டப்புற வீடுகளின் தகரக் கூரைக்கும் இதே பாதுகாப்புதான். துத்தநாகம் இரும்பைவிட வினைத்திறன் மிக்கது. எனவே கீறல் விழுந்தாலும் முதலில் துத்தநாகம்தான் அரிபடும். தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். பார்க்கச் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருந்தாலும், கடலுக்கு ஏற்றது இதுதான். துத்தநாகத்தின் மேல் சாயம் பூசிய கலன்களும் உண்டு. எந்தப் பூச்சாக இருந்தாலும் நன்னீரில் கழுவ வேண்டும். அடியில் மாட்டும் ரப்பர் காலணியையும் கழற்றிக் கழுவ வேண்டும். உப்புநீர் தேங்கும் இடம் அது.

வெளிப்பூச்சால் உட்புறத்தைக் காக்க முடியாது. கலனைச் சுத்தமாகக் காலி செய்தால் நீர் உள்ளே புகுந்துவிடலாம். ஈரமான எஃகு துருப்பிடிக்கும்போது, கலனில் உள்ள உயிர்வளியைத்தான் எடுத்துக்கொள்கிறது. நீர் புகுந்து நெடுநாள் கிடந்த கலனில் உயிர்வளி ஆபத்தான அளவுக்குக் குறையலாம். அதைச் சுவாசிப்பவர் எந்த முன்னறிகுறியும் இன்றி மயங்கக்கூடும். இதனால்தான் எப்போதும் சிறிது காற்றை மிச்சம் வைக்கச் சொல்கிறார்கள். பல நாடுகளில் ஆண்டுதோறும் உட்புறத்தைப் பார்வையிடுகிறார்கள். 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீர் நிரப்பி அழுத்தச் சோதனையும் நடக்கிறது. சோதனை நாளும் அழுத்தத் தரமும் கலனின் தோள்பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும்.

அப்படியானால் எது நல்லது?

குளிர்க்கடலில் தடித்த உடை அணிபவரை அந்த உடையே மிதக்கவைக்கும். அவருக்கு எஃகு பெரிய உதவி. நம் வெதுவெதுப்பான கடலில் மெல்லிய உடையோடு இறங்குபவருக்குக் கனமான எஃகுக் கலன் தேவைக்கு மேற்பட்ட சுமையாகிவிடலாம். காற்று ஊதும் மேற்சட்டை பழுதானால் அவரால் நீந்தி மேலே வர முடியாமலும் போகலாம். நம் தீவுகளில் அலுமினியம் அதிகம் இருப்பதில் நியாயம் உண்டு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். துத்தநாகம் பூசிய ஆணி ஒன்றையும் சாயம் பூசிய இரும்பு ஆணி ஒன்றையும் எடுத்து, இரண்டிலும் ஒரு கீறல் போட்டு, உப்புநீரில் ஒரு வாரம் வையுங்கள். எந்தக் கலனை நம்பிக் கடலில் இறங்கலாம் என்பதை அந்த இரண்டு ஆணிகளே உங்களுக்குச் சொல்லும்.