கண்ணீர்த்துளி வண்டி

அமெரிக்க நாட்டு நெடுஞ்சாலைகளிலே மோட்டார்காரின் பின்னால் பூட்டப்பட்டு ஓடும் ஒரு சிறு வண்டியைக் காணலாம். பக்கவாட்டில் நோக்கினால் முன்புறம் உருண்டு திரண்டும், பின்புறம் சரிந்து ஒடுங்கியும் இருக்கும். அதனால் அதற்குக் 'கண்ணீர்த்துளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். துயரத்துக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. விடுமுறையில் காடு மலை காணப் புறப்படுவோர் இரவில் படுத்துறங்கும் வண்டி அது. உள்ளே இருவர் படுக்கலாம், உட்காரலாம், நிற்க இயலாது. பின்கதவை மேலே தூக்கினால் அங்கே அடுப்படி. சமைப்பவர் தரையில் நின்றுகொண்டே சமைப்பார். தூக்கிய கதவு அவருக்குத் தாழ்வாரம். கூண்டு வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போய், வண்டிக்குள் உறங்கி, பக்கத்தில் கல் கூட்டிச் சமைத்த நம் பாட்டன்மார் இதைக் கண்டால் பெரிதாக வியக்க மாட்டார்கள்.

இவ்வண்டியை விலைக்கு வாங்குவோரும் உளர். எனினும் சாதாரண மனிதர் தம் வீட்டுக் கொல்லையிலேயே இதைச் செய்துகொள்ள முடியும் என்பதே இதன் பெருமை. 1930-களில் இது தோன்றியது. இரண்டாம் உலக மகாயுத்தம் முடிந்ததும் அலுமினியத் தகடு மலிவாகக் கிடைத்தது. படையிலிருந்து திரும்பிய இளைஞர்களுக்குக் கைத்தொழிலும் தெரிந்திருந்தது. 1947-ல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' என்ற பத்திரிகை இதன் வரைபடத்தை வெளியிட, அதைப் பார்த்துப் பலர் செய்தனர். 1960-களில் பெரிய வண்டிகள் வந்து இதை ஒதுக்கிவிட்டன. 1990-களுக்குப் பிறகு மறுபடியும் ஆசை பிறந்து, இன்று பல நாடுகளில் செய்கிறார்கள். அளவு மட்டும் பெரும்பாலும் மாறவில்லை: 4 அடி அகலம், 4 அடி உயரம், 8 அடி நீளம். காரணம் எளிது. ஒட்டுப்பலகை 4 அடிக்கு 8 அடி என்ற அளவில்தான் விற்கிறது. பக்கத்துக்கு ஒரு பலகை, தரைக்கு ஒரு பலகை. வீணாகும் துண்டு குறைவு.

துளி வடிவத்தால் காற்றின் தடை குறையும் என்பார்கள். இதில் பாதி உண்மை, பாதி விளம்பரம் என்பேன். காற்றில் செல்லும் உருண்டையின் தடைக் கெழு ஏறக்குறைய 0.47, அதே உருண்டைக்கு நீண்ட வால் வைத்துத் துளி வடிவமாக்கினால் 0.05 வரை இறங்கும். ஆனால் நம் வண்டி பக்கத்திலிருந்து பார்க்கத்தான் துளி. மேலிருந்து பார்த்தால் நீண்ட சதுரப் பெட்டி. அது காருக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்காமல் காரின் நிழலில் ஒளிந்து வருவதுதான் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறது.

வண்டி செய்வதில் உயிர் போகக்கூடிய இடங்கள் இரண்டு. முதலாவதை நம் ஊர் வண்டிக்காரர் இரண்டே சொல்லில் சொல்லிவிடுவார்: முன்பாரம், பின்பாரம். இரட்டைச் சக்கர வண்டியில் பாரம் அச்சுக்குப் பின்னே அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். காரின் கொக்கியில் மாட்டிய வண்டிக்கும் இதே கதிதான். பின்பாரமாக ஓடும் வண்டி, வேகம் ஏற ஏற, ஊசலைப் போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஒரு வேகத்துக்கு மேல் அந்த ஆட்டம் தானே தணியாது. ஒவ்வொரு வீச்சிலும் வளர்ந்து காரையே புரட்டிவிடும். ஆகையால் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின் மேல் அமர வேண்டும். அதற்கு மேற்பட்டாலும் தவறு. காரின் பின்பக்கம் அழுந்தி முன்சக்கரம் பிடிப்பை இழக்கும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். வண்டி 450 கிலோ. கொக்கியின் மேல் 50 கிலோ. நூற்றுக்கு 11, குறையொன்றும் இல்லை. அச்சிலிருந்து கொக்கி 2.7 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அடுப்படியில், அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னே, 40 லிட்டர் தண்ணீரை ஏற்றுகிறோம். நெம்புகோல் விதிப்படி கொக்கியின் பாரம் 40-ஐ 0.9-ஆல் பெருக்கி 2.7-ஆல் வகுத்த அளவு, அதாவது 13 கிலோவுக்குச் சற்று அதிகம், குறைந்துவிடும். மீதி 37 கிலோ. வண்டியோ 490 கிலோ. நூற்றுக்கு 7.5 தான்! காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி, ஒரு குழாயடியில் நின்று புறப்பட்டதும் ஆபத்தான வண்டியாகிவிட்டது. தண்ணீரை முன்புறம் வைப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

கூரை வளைவதும் ஒரு பாடம். பக்கச் சுவர் 18 மில்லிமீட்டர்ப் பலகை. கூரைக்கு 3 மில்லிமீட்டர். வளைவுக்கு எதிரான விறைப்பு கனத்தின் முப்படியைப் பொறுத்தது. ஆறு மடங்கு கனமான பலகை 216 மடங்கு விறைப்பானது. ஆகவே மெல்லிய பலகையைச் சிறிது நனைத்தால் பாய் போல் வளைந்து கொடுக்கும். குறுக்குச் சட்டங்களுக்கு மேலும் கீழும் அத்தகைய பலகை ஒவ்வொன்றை ஒட்டி, இடையே வெப்பம் தடுக்கும் நுரையை அடைத்துவிட்டால் கூரை பலமடையும். மேலே அலுமினியத் தகடு. அதை முழுவதும் பசை போட்டு ஒட்டக்கூடாது. 2.4 மீட்டர்த் தகடு, இரவுக்கும் நண்பகல் வெயிலுக்கும் இடையே 40 டிகிரி வெப்பம் மாறினால் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஓரங்களில் மட்டும் பட்டை வைத்துப் பிடித்து, நடுவில் தகடு நழுவ இடம் விடுவார்கள்.

இனி உள் அலங்காரம். நம் விடுதி அறைகளில் சுவருக்கு நாலு படம் ஒட்டுவதோடு அலங்காரம் முடிந்துவிடும். இவர்களோ உட்புறம் முழுவதையும் ஒரே கற்பனையில் அமைக்கிறார்கள். ஒருவர் ரயில் பெட்டி என்பார், ஒருவர் மரக்குடிசை என்பார், இன்னொருவர் நீர்மூழ்கி என்பார். எனக்குப் பிடித்தது கப்பல் அறைதான். அதில் வேடத்தைவிடப் பயன் அதிகம். கப்பலும் ஆடும், வண்டியும் ஆடும். அதனால் அலமாரித் தட்டின் ஓரத்தில் உயர்ந்த சட்டம், ஒவ்வொரு கதவுக்கும் தாழ், படுக்கைக்கு அடியில் பெட்டி எல்லாம் அழகுக்கும் ஆகும், வேலைக்கும் ஆகும். வட்டச் சன்னலும் அப்படியே. சதுரமாக வெட்டிய துளையின் மூலையில் தகைவு குவிந்து, அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். 1954-ல் இரு காமெட் விமானங்கள் நடுவானில் சிதறியபோது, உடலில் வெட்டிய திறப்புகளின் மூலைகளில் இப்படித் தகைவு குவிந்ததை ஆராய்ச்சி காட்டிற்று. குண்டும் குழியுமான சாலையில் குலுங்கும் பலகைச் சுவருக்கும் அதே இயற்கை விதிதான்.

ஆனால் கற்பனை எல்லை மீறும் இடமும் உண்டு. கப்பல் என்றதும் சிலருக்கு உண்மையான எண்ணெய் விளக்கைத் தொங்கவிட ஆசை வரும். இதுவே நான் சொன்ன இரண்டாவது ஆபத்து. அடுப்படியையும் வளைவையும் கழித்தால் படுக்கை அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 2.4 கன மீட்டர், அதாவது 2,400 லிட்டர்தான். உறங்கும் இருவர் மணிக்குச் சுமார் 25 லிட்டர் கரியமில வாயுவை வெளியிடுவர். எல்லாவற்றையும் இறுக மூடிவிட்டால் ஒரு மணியில் அது காற்றில் நூற்றுக்கு ஒரு பங்காகும். விடிவதற்குள் மூச்சுத் திணறலும் தலைவலியும் நிச்சயம். வெளிக்காற்றில் உள்ளதைவிட 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாமல் காக்க மணிக்கு 25 கன மீட்டர்க் காற்று தேவை. அறைக்காற்று மணிக்குப் பத்து முறை மாற வேண்டும். கூரையில் 12 வோல்ட் மின்விசிறி ஒன்றும், எதிர்ப்புறச் சன்னலில் விரலளவு திறப்பும் இருந்தால் இது எளிது. மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் துளிர்த்து மெத்தையை நனைப்பதும் அதனாலேயே நிற்கும். மனிதர் மூச்சுக்கே இந்தப் பாடு என்றால், அதற்குள் சுடர் எரியலாமா? காற்றுக் குறைந்த இடத்தில் எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடைத் தரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குபவரை எழுப்பவும் எழுப்பாது. அடுப்படியை வண்டிக்கு வெளியே திறக்குமாறு வைத்த முதல் தச்சனை நினைத்து நான் பலமுறை மகிழ்ந்திருக்கிறேன். விளக்கு பித்தளையில் இருக்கட்டும், உள்ளே எரிவது மின்சாரமாக இருக்கட்டும்.

நம் நாட்டில் செய்ய விரும்பும் நண்பர்களுக்கு ஒன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இழுவை வண்டியையும் 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. எனவே பதிவு செய்யாமல் பொதுச்சாலையில் ஓட்ட முடியாது. பலகையை அறுக்கும் முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். எடை பார்க்கப் பெரிய சாதனம் எதுவும் தேவையில்லை. தண்ணீர், படுக்கை, பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கொக்கி மாட்டும் முனைக்கு அடியில் ஆள் எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்தால் போதும்.