கல்லாவை விட்டு எழுவோம்

காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு கடை பூட்டும்வரை நாம் எழுவதில்லை. மூட்டை தூக்குபவருக்கு வேர்க்கிறது. நமக்குச் சர்க்கரை ஏறுகிறது. நோய் வந்தபின் நடந்து என்ன பயன் என்று நாமும் பல ஆண்டு சொல்லி வந்தோம். அது தவறு. வேகமாக நடந்தால், இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடம்பிலும் கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கின்றன.

நோய் வருமுன் நடப்பவருக்கோ இன்னும் லாபம். சென்னை டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. தினம் அரைமணி நடந்து, உணவையும் திருத்திக் கொண்டவர்களில் சுமார் 39 பேருக்கே வந்தது. கணக்குப் பார்க்கும் நமக்கு இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

உத்திரமேரூர் ஏரிக்கரையில் ஒருநாள் செருப்பில்லாமல் நடந்தோம். முள் தைத்ததே தெரியவில்லை. புண் ஆற இரண்டு மாதமாயிற்று. மரத்துப்போன காலுக்குச் செருப்பு கட்டாயம். இப்போது கடைக்குள்ளும் தனியாக ஒரு ரப்பர் செருப்பு வைத்திருக்கிறோம். மாத்திரை, ஊசி போடுவோர் இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டுக் கிளம்புங்கள். சட்டைப்பையில் கொஞ்சம் குளுக்கோஸும் இருக்கட்டும். நெஞ்சுவலி கண்டவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். மற்றவர்கள் காலை ஐந்தரைக்கு ஏரிக்கரைக்கு வரலாம். ஆறரைக்கு ஷட்டர் தூக்கிவிடலாம்.