ஊசி போடும் டாக்டரே கண்டுபிடிக்கட்டும்

சென்ற வாரம் டொனால்டு ட்ரிப்லெட்டைப் பார்த்தோம். ஆட்டிசம் என்று மருத்துவ உலகம் பெயர் சூட்டிய முதல் குழந்தை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துச் சிற்றூரிலிருந்து ரயிலேற்றி, பால்டிமோரில் இருந்த டாக்டர் லியோ கேனரிடம் அவனை அழைத்துப் போனார்கள். ஆண்டு 1938. பையனுக்கு வயது ஐந்து. போவதற்கு முன் அவன் அப்பா கேனருக்கு 33 பக்கக் கடிதம் எழுதியிருந்தார். அந்தப் பக்கங்களில் இருந்தவையெல்லாம் பெற்றோர் வீட்டிலேயே கவனித்தவை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஒரு பெயர் சொல்ல மட்டும் பக்கத்தில் ஆள் இல்லை.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். என் சித்தி மகள் தன் பையனை ஒன்றரை வயது பூஸ்டர் ஊசிக்குத் தூக்கிக்கொண்டு போனாள். “பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கிறான் டாக்டர். ஆனா மிக்ஸி போட்டா காதைப் பொத்திக்கிட்டு ஓடுறான்” என்றாள். அவர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். “காது நல்லா இருக்கும்மா. ஆம்பளப் பசங்க கொஞ்சம் லேட்டாத்தான் பேசுவாங்க. ரெண்டரை வயசு ஆகட்டும், பார்க்கலாம்” என்றார். வீட்டுக்கு வந்தால் மாமியாரும் அதையேதான் சொன்னார்: “இவங்கப்பனும் மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்.” டாக்டரும் மாமியாரும் ஒரே பேச்சைப் பேசினால் ஒரு தாய் என்ன செய்வாள்? காத்திருந்தாள். ஆட்டிசம் என்ற சொல் அவள் காதில் விழுந்தபோது பையனுக்கு நாலு வயது தாண்டிவிட்டது.

அந்த டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். ராத்திரி பதினோரு மணிக்குக் காய்ச்சல் என்று போன் செய்தாலும் எடுப்பவர். நிமோனியாவை மூச்சு விடும் வேகத்தை வைத்தே சொல்லிவிடுவார். மூச்சைப் பார்க்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், குழந்தையின் பார்வை எங்கே போகிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

பயிற்சி பெற்றவர் பார்த்தால் இரண்டு வயதிலேயே ஆட்டிசத்தை நம்பகமாகச் சொல்லிவிடலாம். ஆனால் வசதியான அமெரிக்காவிலேயே, சராசரியாக நாலு வயதை ஒட்டித்தான் அந்தப் பெயர் குழந்தைக்குக் கிடைக்கிறது. மூளை வேகமாக வளரும் இரண்டு ஆண்டுகள் இடையில் கைநழுவிப் போகின்றன. 18 மாதத்திலும் 24 மாதத்திலும் எல்லாக் குழந்தைகளையும் ஆட்டிசத்துக்காகச் சோதிக்க வேண்டும் என்று அங்குள்ள குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2007 முதல் சொல்லிவருகிறது. அதற்கு எம்-சாட் என்ற வினாத்தாள் இருக்கிறது. பெற்றோர் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள். பிறகு ஏன் தாமதம்? வினாத்தாள் சந்தேகத்தைத்தான் சொல்லும். “பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்” என்று டாக்டர் எழுதிக்கொடுத்த அன்றே வேறொரு வரிசை தொடங்கிவிடுகிறது. நிபுணர்கள் சிலர், காத்திருக்கும் குழந்தைகள் பல்லாயிரம். பல இடங்களில் ஓர் ஆண்டு வரைகூட இழுக்கும்.

இந்த வரிசையைச் சுருக்க ஒரு முயற்சி அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில் நடந்தது. பரப்பளவில் அது தமிழ்நாட்டைவிடப் பெரியது. மக்களோ சென்னைப் பெருநகரில் இருப்பவர்களைவிடக் குறைவு. சின்னச் சின்ன ஊர்கள் தொலைதூரங்களில் சிதறிக் கிடக்கின்றன. அங்கே கொலம்பியா நகரில் இருக்கும் மிசோரி பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவர் கிறிஸ்டின் சோல், 2015-ல் ஒரு வேலையைத் தொடங்கினார். குடும்பங்களை நிபுணரிடம் வரச்சொல்வதற்குப் பதில், நிபுணருக்குத் தெரிந்ததை ஊர் டாக்டர்களிடம் கொண்டுபோவது. எக்கோ ஆட்டிசம் என்று பெயர்.

இந்த யோசனைக்கு விதை போட்டவர் ஓர் இந்தியர். புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன டாக்டர் சஞ்சீவ் அரோரா. நியூ மெக்சிகோவில் ஹெபடைடிஸ் சி நோய்க்கு அவரைப் பார்க்க எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2003-ல் அவர் கிராமத்து டாக்டர்களை வீடியோவில் கூட்டி, வாராவாரம் அவர்களுடைய நோயாளிகளைப் பற்றியே பேசவைத்தார். 2011-ல் முடிவு வெளியானது. பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம். கிராமத்து டாக்டர்களிடமும் சிறைச்சாலை மருத்துவமனைகளிலும் 58.2 சதவீதம்!

சோல் அதே வழியை எடுத்துக்கொண்டார். திரையின் ஒரு பக்கம் குழந்தை மருத்துவர், உளவியலாளர், உணவியல் வல்லுநர், சமூகப் பணியாளர். அவர்களுக்குச் சமமாக ஆட்டிசம் உள்ள குழந்தையின் அம்மாவோ அப்பாவோ ஒருவர். இதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நிபுணர் என்ற நாற்காலியில் ஒரு தாயையும் உட்காரவைத்திருக்கிறார்கள். மறுபக்கம் ஊர் டாக்டர்கள். ஒருவர் தன்னிடம் வந்த குழந்தையைப் பற்றிப் பெயர் சொல்லாமல் விவரிப்பார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குடும்பம் எப்படித் தாங்குகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். அடுத்த முறை அதே மாதிரிக் குழந்தை வந்தால் அந்த டாக்டருக்குக் கை நடுங்காது.

அடுத்த படிதான் முக்கியம். ஸ்டாட் என்ற சோதனையில் ஊர் டாக்டர்களைத் தேர்ச்சிபெற வைத்தார்கள். வென்டி ஸ்டோன் என்ற உளவியலாளர் இரண்டு வயதுக் குழந்தைகளுக்காக உருவாக்கியது. 12 சின்ன விளையாட்டுகள், சுமார் 20 நிமிடம். பந்து, கார், பொம்மை, பலூன் என்று ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும்.

அதில் ஒன்றைச் சொல்கிறேன். உள்ளே இருப்பது தெரியும்படியான டப்பாவில் தின்பண்டம் போட்டு, இறுக்கி மூடிக் குழந்தையிடம் கொடுக்கிறார்கள். குழந்தை திறக்கப் பார்க்கும், முடியாது. ஒரு குழந்தை டப்பாவை நீட்டி டாக்டரின் முகத்தைப் பார்க்கும். “திறந்து குடு” என்று கண்ணாலேயே கேட்கும். இன்னொரு குழந்தை டாக்டரின் கையைப் பிடித்து மூடியின் மேல் வைக்கும். முகத்தைப் பார்க்காது. அந்தக் குழந்தைக்கு அந்த நேரத்தில் டாக்டரின் கை ஒரு திறப்பான் மாதிரி. இரண்டு குழந்தைகளுக்கும் தின்பண்டம் வேண்டும், இரண்டும் உதவி கேட்கத்தான் செய்கின்றன. ஆனால் ஒன்று மனிதரிடம் கேட்கிறது, மற்றது கையிடம் கேட்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும் இந்த வித்தியாசத்தைப் பிடிக்கத்தான் பயிற்சி. ஒரே ஒரு விளையாட்டை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. பன்னிரண்டையும் பார்த்து, பெற்றோர் சொல்வதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

ஊர் டாக்டர் சொல்வதை நம்பலாமா? இந்தியானா மாநிலம் 2012 முதல் குடும்ப மருத்துவர்களுக்கும் குழந்தை மருத்துவர்களுக்கும் பயிற்சி கொடுத்து, அங்கங்கே ஆட்டிசம் மதிப்பீட்டு மையங்களை நடத்திவருகிறது. அந்த டாக்டர்கள் பார்த்த 126 குழந்தைகளை நிபுணர்கள் மறுபடி சோதித்தார்கள். 82 சதவீதக் குழந்தைகளுக்கு இரு தரப்பு முடிவும் ஒன்றுதான். டாக்டர் “ஆட்டிசம்” என்று சொன்னால் அது பத்துக்கு ஒன்பது முறைக்கு மேல் சரியாக இருந்தது. “இல்லை” என்று சொன்னபோதுதான் பிழை அதிகம். அதனால் “இல்லை” என்று கேட்ட பிறகும் பெற்றோர் மனம் ஒப்பவில்லை என்றால் நிபுணரிடம் போவதே சரி.

ஒன்றை மறைக்கக் கூடாது. எக்கோ ஆட்டிசத்தை அமெரிக்காவிலும் கனடாவிலும் 10 மையங்களில், 148 டாக்டர்களை வைத்துச் சோதித்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். டாக்டர்களின் அறிவும் தன்னம்பிக்கையும் கூடின. ஆனால் நோயாளிக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தால், குழந்தைகளைச் சோதிக்கும் வழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. வாசலில் நாற்பது குழந்தைகள் காய்ச்சலோடு காத்திருக்கும்போது, டப்பாவும் பந்துமாக 20 நிமிடம் யார் உட்காருவார்? வகுப்பு மட்டும் போதாது. அந்த 20 நிமிடத்தை டாக்டருக்கு ஒதுக்கித்தர வேண்டும், அதற்குரிய கட்டணமும் வேண்டும்.

நம் ஊரில் அந்த நேரத்துக்கு ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. நமது தடுப்பூசி அட்டவணைப்படி 16 முதல் 24 மாதத்துக்குள் பூஸ்டரும் இரண்டாவது எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசியும் போடுகிறோம். ஆட்டிசத்தைத் தேடவேண்டிய வயதும் அதேதான். (இந்தப் பொருத்தத்தை வைத்துத்தான் ஊசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பொய் பரவியது. அதைக் கிளப்பிய வேக்ஃபீல்டு என்ற மருத்துவரின் 1998 கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010-ல் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவர் பதிவும் நீக்கப்பட்டது.) பெரும்பாலான வீட்டுப் பிள்ளைகள் நிபுணரின் வாசலை மிதிக்கப்போவதில்லை. ஊசிக்கு மட்டும் கிட்டத்தட்ட எல்லோரும் வருவார்கள்.

எம்-சாட் தமிழிலும் இருக்கிறது, இலவசம்தான். ஒன்றரை வயதுக் குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், பூஸ்டர் போடப் போவதற்கு முன் மூன்றைக் கவனியுங்கள். பெயர் சொன்னால் திரும்புகிறதா, பிடித்ததை விரல் நீட்டி உங்களுக்குக் காட்டுகிறதா, காட்டியபின் உங்கள் முகத்தைப் பார்க்கிறதா. இல்லை என்றால் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். டாக்டர் “போகப்போகச் சரியாயிடும்” என்றால், “இருக்கலாம் டாக்டர், ஆனா இப்பவே சோதிச்சுப் பார்க்கணும்” என்று சொல்லுங்கள். ஊசி போட்ட கையோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

(தொடரும்)