சோறு வேகும் நேரத்தில் நாலு வரி



அந்தியில் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்த பிறகு, அது வெந்து முடியும் வரை என்ன செய்கிறீர்கள்? "என்ன டீச்சர் இப்படிக் கேட்கிறீர்கள்? புளி கரைக்க வேண்டும், துணி மடிக்க வேண்டும், பிள்ளையைக் குளிக்க விரட்ட வேண்டும்" என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் கொஞ்சத்தைக் கைப்பேசியும் விழுங்கிவிடுகிறது அல்லவா? அதிலிருந்து பத்தே பத்து நிமிடத்தை ஒதுக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். எதற்கு? கவிதைக்கு!

சிரிக்காதீர்கள். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு சிரியுங்கள்.

கவிதை யாருக்குச் சொந்தம்?

பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை இதைச் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு தந்தை எழுந்தார். "அதெல்லாம் படிச்சவங்களுக்கு, டீச்சர். நாங்க குலை வெட்டுறவங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கவிதை என்றால் மேடை, மாலை, எதுகை, மோனை என்றுதான் நாமும் நினைத்துப் பழகிவிட்டோம்.

ஆனால் இந்த நாட்டுத் தோட்டங்களில் முதலில் பாடியவர்கள் யார்? சம்பளப் பட்டியலில் கைநாட்டு வைத்தவர்கள் அல்லவா? தூளியை ஆட்டிக்கொண்டு தாலாட்டுப் பாடினார்கள். இழவு வீட்டில் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். பெரட்டையும் கங்காணியையும் கேலி செய்து பாடினார்கள். யாப்பிலக்கணம் அவர்கள் கற்றதில்லை. பார்த்ததைச் சொன்னார்கள், பட்டதைச் சொன்னார்கள்.

அவற்றில் சிலவற்றை அறிஞர்கள் தொகுத்து வைத்தார்கள். ஏட்டில் எழுதப்பட்ட கவிதைகளை முரசு நெடுமாறன் திரட்டி, 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' என்ற பெருநூலாக 1997-இல் வெளியிட்டார். புத்தகத்தில் ஏறியவை பிழைத்தன. ஏறாமல் போனவை எத்தனையோ! அப்படிப் போன ஒன்றுக்கு நானே காரணம்.

நான் எழுதாமல் விட்ட பாட்டு

என் அப்பாயி பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு விடுமுறைக்கு வீடு வந்திருந்தேன். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அப்பாயி என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, உங்கப்பன தூளியில போட்டுப் பாடுன பாட்டு இன்னிக்கு முழுசா ஞாபகம் வந்திருச்சு. ஒரு தாள எடுத்து எழுதிக்கிறியா?"

"அடுத்த லீவுல எழுதிக்கிறேன், அப்பாயி" என்றேன்.

அடுத்த விடுமுறைக்கு அப்பாயி இல்லை.

தமிழ் கற்பிக்கப் பயிற்சி பெறப் போனவள், வீட்டு வாசலில் இருந்த தமிழை எழுதிக்கொள்ள நேரமில்லை என்று சொன்னேன். அந்தப் பாட்டின் மெட்டு எனக்கு நினைவிருக்கிறது. அதில் 'மங்கு' என்று ஒரு சொல் வரும். 'மாமன்' என்று ஒரு சொல் வரும். மற்ற எதுவும் என்னிடம் இல்லை. என் தகப்பனாருக்கும் தெரியாது. தூளியில் கிடந்த குழந்தைக்குப் பாட்டு எப்படி நினைவிருக்கும்?

அன்றிலிருந்துதான் நாளுக்கு நாலு வரி எழுதத் தொடங்கினேன். கவிஞர் ஆவதற்காக அல்ல. இன்னொரு முறை அப்படி நழுவ விடக்கூடாது என்பதற்காக.

கவனம் உங்களுக்குப் புதிதா?

கவிதைக்கு முதல் தேவை கவனம். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பால் வெட்டுகிறவரின் கையைப் பாருங்கள். கத்தி சற்று ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலாகப் போனால் பால் குறையும். அரை இருட்டில், குளிர்ச்சி இருக்கும்போதே, பட்டையின் கனத்தைக் கை அறிந்துகொள்கிறது. செம்பனையில் குலை வெட்டுகிறவரோ, மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பார்த்தே மேலே உள்ள குலை பழுத்துவிட்டது என்று கண்டுகொள்கிறார். தரையைப் பார்த்து உச்சியை அறிவது சிறிய வித்தையா?

மரத்தின் மேல் இத்தனை கவனம் வைக்கிற நாம், நம் வீட்டு மனிதர்கள் மேல் எவ்வளவு கவனம் வைக்கிறோம்? இன்று மகளின் முகம் ஏன் வாடியிருந்தது? கணவர் ஏன் பாதிச் சோற்றோடு எழுந்தார்? பார்த்திருப்போம். ஆனால் பார்த்ததை நினைத்துப் பார்க்காமலே உறங்கிவிடுகிறோம். அந்த நினைத்துப் பார்த்தலுக்குத்தான் நாலு வரி.

வெளியே இரண்டு, உள்ளே இரண்டு

நம் பிள்ளைகள் மலாய் மொழிப் பாடத்தில் பந்துன் படிப்பதைக் கேட்டிருப்பீர்கள். பொதுவாக நாலு வரி. முதல் இரண்டு வரிக்குப் 'பெம்பாயாங்' என்று பெயர். 'பாயாங்' என்றால் நிழல். ஆறு, பழம், பறவை என்று வெளியே காண்பதைச் சொல்லி, வரப்போகும் கருத்துக்கு நிழல் விரிப்பது அதன் வேலை. அடுத்த இரண்டு வரி மனத்தில் உள்ளதைச் சொல்லும். மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து முன்வைத்ததன்பேரில், 2020-இல் யுனெஸ்கோ பந்துனை மானுடப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இது நமக்கு அந்நியமா? இல்லவே இல்லை. குறுந்தொகைப் பாட்டுகள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிக்குள் அடங்குபவை. அவற்றிலும் எத்தனையோ பாட்டுகளில் ஒரு குன்றோ, ஒரு பூவோ, ஒரு பறவையோ வரும். அதன் வழியே ஒரு மனம் தெரியும். பக்கத்து வீட்டு வழியும் பாட்டன் வீட்டு வழியும் இங்கே ஒன்றாகத்தான் இருக்கின்றன. ஆகவே அதையே பின்பற்றுவோம். வெளியே கண்டது இரண்டு வரி. உள்ளே பட்டது இரண்டு வரி.

எப்படித் தொடங்குவது?

முதலாவது, ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் போதும். அடுப்படியில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் பென்சிலோடு வைத்துவிடுங்கள். கண்ணில் படாத புத்தகம் கைக்கு வராது.

இரண்டாவது, எழுதுவதற்கு முன் ஒரு பாட்டை உரக்கப் படியுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் ஆத்திசூடி. அதில் உள்ளவை 109 சிறு வரிகள். பெரியவர்களுக்குத் திருக்குறள். ஒரு குறளுக்கு ஏழே சீர். நாளுக்கு ஒன்று என்றால் 1330 குறளும் மூன்றரை ஆண்டு கடந்து சில வாரங்களில் முடிந்துவிடும். பாரதியாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிஜித் தீவில் கால் வைக்காத அவர், அங்கே கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட துயரத்தைப் பாடினார். இருந்த இடத்திலிருந்தே பிறர் வலியைக் காண்பதற்கு அது நல்ல பாடம்.

மூன்றாவது, இன்று உண்மையாகவே கண்ட ஒன்றை மட்டும் எழுதுங்கள். 'நிலவு போன்ற முகம்' வேண்டாம். நிலவை இன்று பார்த்தீர்களா? வாளியில் மிதந்த எறும்பைப் பார்த்திருந்தால் எறும்பை எழுதுங்கள்.

நான்காவது, எழுதத் தெரியாத பெரியவர் வீட்டில் இருந்தால் அவர் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். பேசுகிறபடியே எழுதட்டும். "இது இலக்கணப்பிழை, பாட்டி" என்று திருத்தக்கூடாது. திருத்தினால் அடுத்த நாள் பாட்டி வாய் திறக்க மாட்டார்.

ஐந்தாவது, ஒருநாள் தவறினால் வருந்த வேண்டாம். மறுநாள் சோறு வேகத்தான் போகிறது.

ஒரு மாணவன் எழுதியது

என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுதிய நாலு வரியை, அவனையும் அவன் தாயாரையும் கேட்டுக்கொண்டு இங்கே தருகிறேன்.

விடியுமுன் அம்மா விளக்கைப் போட்டார்;
என் கண்ணில் படாமல் கையால் மறைத்தார்.
நான் விழித்துத்தான் இருந்தேன்.
அம்மாவுக்குத் தெரியாது.

எதுகை இல்லை, மோனை இல்லை. படித்துவிட்டு நான் சிறிது நேரம் பேசாமல் இருந்தேன். நோட்டுப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன்.

அந்த வாரமே அவன் தாயார் பள்ளி வாசலுக்கு வந்தார். வேலை உடுப்புக்கூட மாற்றவில்லை. "தூங்குறான்னு நெனச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமலே தெனமும் போயிருக்கேன், டீச்சர்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

இப்போதெல்லாம் மகனின் நெற்றியைத் தொட்டு, "வரேன்யா" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாராம். ஐந்து ஆண்டு ஒரே கூரையின் கீழ் நடந்ததை நாலு வரி வெளியே கொண்டுவந்தது.

எதைத் தரும், எதைத் தராது?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கவிதை எழுதினால் சம்பளம் கூடாது. கடைக் கடன் அடையாது. தோட்டத்தை விற்பதென்று முடிவெடுத்தால், நம் நாலு வரி அதைத் தடுத்து நிறுத்தாது. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்ததையும், லயங்கள் இருந்த இடங்களில் வீடமைப்புப் பேட்டைகள் எழுந்ததையும் நாம் கண்ணால் கண்டவர்கள். எத்தனையோ குடும்பங்கள் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போய்விட்டன.

அப்படிப் போகும்போது அண்டா குண்டாவைக் கட்டி எடுத்துப் போகிறோம். சாமி படத்தை எடுத்துப் போகிறோம். ரப்பர் விதை வெடிக்கும் சத்தத்தை எதில் கட்டி எடுத்துப் போவது? ஆயக்கொட்டகையில் குழந்தையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்த பார்வையை எந்தப் பெட்டியில் வைப்பது? அதற்குத்தான் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நோட்டுப் புத்தகம். பத்து ஆண்டு கழித்து உங்கள் பிள்ளை அதைத் திறந்தால், தாய் தகப்பன் வேலை மட்டும் பார்த்தவர்கள் அல்லர், தன்னையும் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் என்று தெரிந்துகொள்ளும்.

இன்றிரவு அரிசியைக் களைந்து வையுங்கள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அருகில் உட்கார்ந்து, "ஒரு பாட்டுச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று கேளுங்கள். அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டாம்.