கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம்

மால்களும் செல்போன் ஆர்டர்களும் சில்லறை வியாபாரத்தை நெருக்குகின்றன. சிறு வியாபாரி எதைப் படிக்கலாம்? எதை ஒதுக்கலாம்? திருவனந்தபுரத்தின் பழைய கடைத்தெருவிலிருந்து ஒரு பட்டியல்.

கிழக்கே கோட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் காதில் விழுவது இரண்டு மொழிகள். வாடிக்கையாளருக்கு மலையாளத்தில் விலை சொல்லும் கடைக்காரர் அடுத்த நொடியே கடைப்பையனிடம் தமிழில் சரக்கு கேட்கிறார். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து கடை போட்ட குடும்பங்கள் இங்கே ஏராளம்.

இந்தத் தெருவில்தான் செல்வி ஸ்டோர்ஸ் என்ற பாத்திரக்கடையை நடத்தினார் ஆ. மாதவன். 1934-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழைத் தன் முயற்சியால் கற்றார். கடை வாசலில் நடமாடிய சுமை கூலிகளையும் சில்லறைத் திருடர்களையும் வியாபாரிகளையும் பாத்திரங்களாக்கி 'கடைத்தெருக் கதைகள்' எழுதினார். 'இலக்கியச் சுவடுகள்' என்ற கட்டுரை நூலுக்காக 2015-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். 2021 ஜனவரியில் காலமானார். கடை வைத்திருப்பவனுக்குப் படிக்க ஏது நேரம் என்று கேட்பவர்களுக்கு இந்தத் தெருவே பதில் வைத்திருக்கிறது.

ஆனால் இன்றைய வியாபாரி படிக்க வேண்டியிருப்பது பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல. 2021 டிசம்பரில் நகரின் ஆக்குளம் பகுதியில் லுலு மால் திறந்தது. பாத்திரமும் துணியும் மளிகையும் செல்போனில் விரல் வைத்தால் வீட்டுக்கே வருகின்றன. இன்னொரு பக்கம், 2022-23-ஐத் தொழில்முனைவோர் ஆண்டாக அறிவித்த கேரள அரசு, ஒரே ஆண்டில் ஒரு லட்சம் புதிய தொழில்கள் என்று இலக்கு வைத்தது. அப்பாவின் கடையில் உட்கார்ந்து பழகாமலேயே முதலாளி ஆகிறவர்களின் எண்ணிக்கை பெருகுகிறது. இவர்களுக்குக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. புத்தகக் கடைக்குப் போகிறார்கள். அங்கே தன்னம்பிக்கை நூல்கள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. ஒரு தவறான புத்தகத்தால் போகும் சில நூறு ரூபாய் பெரிதல்ல. அதை நம்பிப் போடும் முதல்தான் பெரிது.

முதல் புத்தகம் பேரேடு

பட்டியலில் முதலிடம் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அது சொந்தக் கடையின் கணக்குப் புத்தகம். பலர் அதை எழுதுகிறார்கள், சிலரே படிக்கிறார்கள். ஓர் எளிய கணக்கு: 400 ரூபாய்க்கு வாங்கிய குக்கரை 500 ரூபாய்க்கு விற்றால் லாபம் 100. பக்கத்துக் கடையைப் பார்த்து 10 சதவிகிதம் தள்ளுபடி கொடுத்தால் விலை 450, லாபம் 50. விலை குறைந்தது பத்தில் ஒரு பங்கு. லாபம் குறைந்தது பாதி. பழைய லாபத்தைப் பார்க்க இரண்டு மடங்கு குக்கர் விற்றாக வேண்டும். ஓணத்துக்கும் ஆற்றுகால் பொங்காலைக்கும் தள்ளுபடி பேனர் கட்டுவதற்கு முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. கூட்டம் அலைமோதிய சீசனுக்குப் பிறகும் கல்லாவில் ஏன் பணம் தங்கவில்லை என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது நூல் எல்லா வீட்டிலும் இருக்கும் திருக்குறள். மேடைக்கு மேற்கோள் எடுக்கப் புரட்டுகிறோம், கடைக்காகப் புரட்டுவதில்லை. பொருட்பாலில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல் என்று அடுத்தடுத்து வரும் மூன்று அதிகாரங்களும் மன்னனுக்குச் சொன்னவை என்றாலும் முதலாளிக்கும் பொருந்துகின்றன. வரப்போகும் லாபத்தை நம்பிக் கையிலிருக்கும் முதலை இழக்கும் காரியத்தில் அறிவுடையவர் இறங்கமாட்டார் என்கிறது 463-வது குறள். வருமானம் வரும் வழி சிறிதாக இருந்தாலும் கெடுதல் இல்லை, செலவாகும் வழி அதைவிட அகலாதவரை என்கிறது 478-வது குறள். பிறர் பொருளையும் தன் பொருள்போலப் பாவிப்பதே வாணிகம் என்கிறது நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள். நிர்வாகவியல் பாடங்கள் பலவற்றின் சாரம் இந்த மூன்றிலேயே இருக்கிறது.

நோட்டீஸ் வேலை செய்ததா?

மார்க்கெட்டிங் என்றதும் பலருக்கு நினைவு வருவது விளம்பரம். இதில் ஆரம்பிக்க ஏற்ற நூல், அமெரிக்க விளம்பர நிபுணர் கிளாட் ஹாப்கின்ஸ் 1923-ல் வெளியிட்ட 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்'. மெல்லிய புத்தகம், காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இலவசமாகவே படிக்கலாம். விளம்பரம் என்பது அச்சில் வந்த விற்பனையாளர். எனவே அதற்கான செலவையும் அது கொண்டுவந்த விற்பனையையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஹாப்கின்ஸின் வாதம். விளம்பரத்தோடு கூப்பன் அச்சிட்டு, எந்த வாசகத்துக்கு எத்தனை கூப்பன் திரும்பி வந்தது என்று எண்ணச் சொன்னார் அவர்.

சாலையில் கடை வைத்திருப்பவர் இதை நாளையே செய்து பார்க்கலாம். பத்திரிகைக்குள் வைத்து விநியோகிக்கும் நோட்டீஸில் கரமனைப் பகுதிக்கு ஒரு நிறம், பேரூர்க்கடைக்கு வேறு நிறம். கொண்டுவருபவருக்குச் சின்ன சலுகை. மாத முடிவில் எண்ணினால் எந்தப் பகுதியில் பணம் வீணானது என்று தெரிந்துவிடும். இணையத்தில் காசு கொடுத்து விளம்பரம் செய்பவர்களுக்கும் அடிப்படை இதேதான். நூறு ஆண்டுகளில் மாறியிருப்பது எண்ணும் கருவி மட்டுமே.

டேவிட் ஓகில்வியின் 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் அன் அட்வர்டைசிங் மேன்' 1963-ல் வந்தது. உலகப் புகழ்பெற்ற விளம்பர நிறுவனத்தை உருவாக்கிய இவர், முன்பு ஸ்காட்லாந்தில் வீடு வீடாக ஏறி ஆகா அடுப்பு விற்றவர். அந்த அனுபவத்தை வைத்து 1935-ல் சக விற்பனையாளர்களுக்காக ஒரு கையேடும் எழுதினார். விற்கும் பொருளைப் பற்றி முழுமையாகத் தெரிந்துகொள்ளாமல் ஒரு வரிகூட எழுதாதே என்பது இவரிடம் கற்க வேண்டிய பாடம். ரோல்ஸ் ராய்ஸ் விளம்பரத்துக்காக அந்தக் காரைப் பற்றி மூன்று வாரம் படித்தவர் அவர். நம் ஊரில் எவர்சில்வர் பாத்திரத்தின் தரத்தைக் கேட்டால் விளக்கத் தெரியாமல் 'நல்ல அயிட்டம் சார்' என்று முடித்துவிடும் விற்பனையாளர்கள் எத்தனை பேர்?

நல்ல சமையல்காரர், மோசமான முதலாளி

சமையல் கைவந்தவர் ஓட்டல் திறக்கிறார். தையல் கற்றவர் ஜவுளிக்கடை வைக்கிறார். இரண்டு வருடத்தில் கடையை மூடுகிறார். ஏன்? மைக்கேல் கெர்பர் 1986-ல் எழுதிய 'தி ஈ-மித்' இந்த ஒரு கேள்வியைத்தான் ஆராய்கிறது. வேலை தெரிந்தவருக்கெல்லாம் அந்த வேலையைச் சார்ந்த தொழிலை நடத்தத் தெரியும் என்பது மாயை என்கிறார் கெர்பர். கடைக்குள்ளேயே நாள் முழுவதும் உழைப்பவருக்குக் கடையைப் பற்றி யோசிக்க நேரம் இருப்பதில்லை. கொள்முதல், காலையில் கடை திறப்பது, கடன் வசூல் என ஒவ்வொன்றையும் செய்யும் முறையை எழுதி வைத்தால் முதலாளி திருமணத்துக்குப் போனாலும் கடை நடக்கும். 'நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது' என்று பெருமைப்படும் வியாபாரிகள் அவசியம் படிக்க வேண்டிய நூல்.

அல் ரீஸ், ஜாக் டிரவுட் இருவரும் 1981-ல் எழுதிய 'பொசிஷனிங்' வாடிக்கையாளரின் மனதில் கடைக்கு என்ன இடம் என்று கேட்கிறது. பழைய கடைத்தெருக்காரர்களுக்கு இது புதிய சங்கதி அல்ல. கருப்பட்டிக்கு ஒரு கடை, பித்தளை விளக்குக்கு ஒரு கடை என்று ஊர் மனதில் பதிந்திருக்கும். எல்லாம் விற்கும் மாலோடு போட்டி போட நாமும் எல்லாம் விற்கத் தொடங்கினால் அந்த இடமும் பறிபோகும்.

கோயம்புத்தூரில் 1941-ல் பிறந்த சி.கே. பிரகலாத் 2004-ல் வெளியிட்ட 'தி ஃபார்ச்சூன் அட் த பாட்டம் ஆஃப் த பிரமிட்' ஏழைகளையும் வாடிக்கையாளர்களாக மதிக்கச் சொல்கிறது. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அதில் ஒரு உதாரணம். கடலூரில் 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு சி.கே. ரங்கநாதன் தொடங்கிய ஷாம்பூ வியாபாரமும் இதற்குச் சாட்சி. பாட்டில் வாங்க முடியாதவர் பாக்கெட் வாங்குவார் என்று புரிந்துகொண்டவர்களால் கிராமத்துப் பெட்டிக்கடை வாசலிலும் ஷாம்பூ சரம் தொங்கியது.

தன்னம்பிக்கையும் தள்ளுபடியும்

சுயமுன்னேற்ற நூல்களின் பரம்பரை நீளமானது. சாமுவேல் ஸ்மைல்ஸின் 'செல்ஃப் ஹெல்ப்' வெளிவந்தது 1859-ல். டேல் கார்னகியின் நண்பர்களைப் பெறும் கலை பற்றிய புத்தகம் 1936-ல் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. எதிரில் நிற்பவரின் பெயரை நினைவில் வை, அவர் பேசுவதைக் கேள், வாதத்தில் ஜெயிக்க முயலாதே என்ற அதன் அறிவுரைகள் கல்லாவில் உட்காருபவருக்கு இன்றும் உதவும். தமிழில் அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி' ஒரு தலைமுறைக்கே கைவிளக்காக இருந்தது. அமெரிக்காவில் தொழில் நடத்தித் திரும்பிய எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' அடுத்த தலைமுறையின் அலமாரியில் இடம் பிடித்தது.

எச்சரிக்கையோடு படிக்க வேண்டியவையும் உண்டு. நெப்போலியன் ஹில் 1937-ல் எழுதிய 'திங்க் அண்ட் க்ரோ ரிச்' இன்றும் அமோகமாக விற்கிறது. கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னகி தன்னை அழைத்து வெற்றியின் ரகசியத்தை ஆராயச் சொன்னதாக ஹில் எழுதினார். ஆனால் அப்படி ஒரு சந்திப்பு நடந்ததற்கு அவருடைய வார்த்தையைத் தவிர வேறு சான்று கிடைக்கவில்லை. ஊக்கம் பெறலாம், அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

பெரிய நிறுவனங்களின் வெற்றி ரகசியம் சொல்லும் நூல்களும் அப்படித்தான். 1982-ல் வந்த 'இன் சர்ச் ஆஃப் எக்ஸலன்ஸ்' சிறந்தவை என்று பாராட்டிய நிறுவனங்களில் சில இரண்டே ஆண்டில் தள்ளாடின. 2001-ல் வந்த 'குட் டு கிரேட்' கொண்டாடிய சர்க்யூட் சிட்டி 2008-ல் திவாலானது. ஜெயித்தவர்களை மட்டும் பார்த்து எழுதினால் இந்த ஆபத்து உண்டு. அதே காரியங்களைச் செய்தும் தோற்றவர்களைப் பற்றி யாரும் புத்தகம் எழுதுவதில்லை.

தற்காப்புக்கென்று ஒரு நூல் வேண்டும். ராபர்ட் சியால்டினியின் 'இன்ஃப்ளுயன்ஸ்' 1984-ல் வந்தது. இலவசமாக ஒன்றைக் கொடுத்துக் கடன்பட்ட உணர்வை ஏற்படுத்துவது, 'இன்றோடு முடிகிறது' என்று அவசரப்படுத்துவது, 'எல்லோரும் எடுத்துவிட்டார்கள்' என்பது போன்ற உத்திகள் ஏன் பலிக்கின்றன என்று விளக்குகிறார். வாடிக்கையாளரை மடக்குவதற்கு இதைப் படிப்பவர்கள் உண்டு. ஆனால் சிறு வியாபாரிக்கு அதைவிடப் பெரிய பயன், விற்காத சரக்கைத் தலையில் கட்ட வரும் ஏஜென்டிடமிருந்து தப்பிப்பது.

நூலகம் பக்கத்தில்தான்

இத்தனையையும் வாங்க வேண்டுமா? வேண்டியதில்லை. சாலையிலிருந்து பாளையம் அதிக தூரமில்லை. சுவாதித் திருநாள் காலத்தில், 1829-ல் தொடங்கப்பட்ட பொது நூலகம் அங்கே மாநில மத்திய நூலகமாக இயங்குகிறது. மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. 1945-ல் பி.என். பணிக்கர் 47 நூலகங்களை ஒன்று சேர்த்துத் தொடங்கிய இயக்கத்தால் கேரள கிராமங்களிலும் வாசகசாலைக்குப் பஞ்சமில்லை. அவர் மறைந்த ஜூன் 19-ஐ இந்த மாநிலம் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறது.

படிக்கும் முறையும் கடைக்காரரின் முறையாகவே இருக்கட்டும். மதியம் கூட்டம் குறையும் நேரத்தில் பத்துப் பக்கம். ஒரு புத்தகத்திலிருந்து ஒரே ஒரு யோசனை. அதை ஒரு மாதம் செய்து பார்த்துக் கணக்கில் என்ன மாறியது என்று எழுதுவது. மாறவில்லையா? சரக்கைத் திருப்பி அனுப்புவதுபோல யோசனையையும் திருப்பி அனுப்பிவிடலாம். பத்துப் புத்தகம் படித்து ஒன்றையும் செய்யாதவரைவிட, ஒன்றைப் படித்து ஒன்றைச் செய்தவர் முன்னே போவார்.

கடைசியாக மீண்டும் ஆ. மாதவன். அவருடைய கதைகள் விற்பனை உத்தி எதையும் சொல்லித்தருவதில்லை. ஆனால் கடை வாசலில் நிற்பவனுக்கும் ஒரு பசியும் மானமும் ரகசியமும் இருப்பதை அவை காட்டுகின்றன. எந்த மாலின் கம்ப்யூட்டருக்கும் அவனைத் தெரியாது. பாத்திரக் கடைக்குள் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பார்வைதான் சிறு வியாபாரியின் கையிலிருக்கும் மிகப் பழைய முதல். அதற்கு வட்டியும் கிடையாது.