கொள்ளிடத்தைக் கடக்கும் வழிகள் (அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்கள்)

அரியலூர், பெரம்பலூர் ஆகிய இரண்டும் கடற்கரை இல்லாத மாவட்டங்கள். ஆயினும் இவற்றின் மழைநீரில் பெரும்பகுதி வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம் என்னும் இரு ஆறுகளின் வழியாக வங்கக் கடலை அடைகிறது. கடலுக்குச் செல்லும் இந்த ஆறுகளில் கொள்ளிடம், இப்பகுதி மக்களுக்குப் படகில் கடல் நோக்கிப் போகும் வழியாக அமையவில்லை. கடந்து அக்கரை சேர வேண்டிய தடையாகவே இருந்து வந்துள்ளது. எந்த ஊரார் எந்தச் சந்தைக்கு, எந்தக் கல்லூரிக்கு, எந்த மருத்துவமனைக்குச் செல்கிறார்கள் என்பதை ஓடத்துறையும் அணையும் பாலமுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. இக்கட்டுரை அந்த வழிகளையும், அவை அருகிலுள்ள துறைமுகங்களுடன் இணையும் முறையையும் விளக்குகிறது.

ஆறுகளின் அமைப்பு

திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயருடனே செல்கிறது. வடகிளை கொள்ளிடம் எனப்படுகிறது. வெள்ளக் காலத்தில் காவிரியின் மிகுதி நீரை உள்வாங்கிக் கடலுக்குக் கொண்டு செல்வது கொள்ளிடத்தின் வேலை. கல்லணையிலிருந்தும் மிகுதி நீர் இதில் திருப்பப்படுகிறது. அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லையாக ஓடும் இந்த ஆறு, பின்னர் கடலூர், மயிலாடுதுறை மாவட்டங்களை ஒட்டிச் சென்று பழையாறு அருகே கடலில் கலக்கிறது.

பெரம்பலூர் மாவட்டத்தின் பச்சைமலைப் பகுதியில் தோன்றும் மருதையாறு, அரியலூர் மாவட்டத்தைக் கடந்து கொள்ளிடத்தில் சேர்கிறது. வடக்கு எல்லையில் ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. (புதுக்கோட்டை வழியாக ஓடும் தென் வெள்ளாறு வேறு.) இவ்விரு முகத்துவாரங்களுக்கும் இடையில்தான் பிச்சாவரம் சதுப்புநிலக் காடு உள்ளது.

கொள்ளிடம் அகன்ற மணல் ஆறு. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் மணற்பரப்பின் ஓரத்தில் மட்டும் நீரோட்டம் இருக்கும். மேட்டூர் அணை நிரம்பி முக்கொம்பில் மதகுகள் திறக்கப்பட்டால் இரு கரையும் தொட்டு வெள்ளம் போகும். வறண்ட காலத்தில் படகு மிதக்க நீர் இருக்காது. வெள்ளக் காலத்தில் படகைச் செலுத்த இயலாது. எனவே நீளவாக்கில் சரக்குப் போக்குவரத்துக்கு இது ஏற்ற ஆறு அன்று. குறுக்காகக் கடக்கும் படகுகளே இங்கு நிலைத்தன.

சோழர் தலைநகரும் கடலும்

முதலாம் இராசேந்திர சோழன் (ஆட்சிக்காலம் 1014–1044) தஞ்சாவூரை விட்டுக் கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக அமைத்தான். 1025-ஆம் ஆண்டளவில் கடாரம், ஸ்ரீவிஜயம் ஆகிய நாடுகளின் மீது அவனது கடற்படை சென்றது. சோழர்களின் முதன்மையான துறைமுகங்களுள் ஒன்று நாகப்பட்டினம். தலைநகர் உள்நாட்டிலும் துறைமுகம் தெற்கே கடற்கரையிலும் இருந்ததால், அரசின் ஆட்களும் பொருள்களும் துறைமுகத்துக்குச் செல்லக் கொள்ளிடத்தைக் கடக்க வேண்டியிருந்தது.

கங்கைகொண்ட சோழபுரத்தின் அரண்மனைப் பகுதியான மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வுகளில் சீன மண்பாண்ட ஓடுகள் கிடைத்துள்ளன. கடல் கடந்து வந்த பொருள்கள் இந்த உள்நாட்டு நகரம் வரை வந்து சேர்ந்தன என்பதற்கு இவை சான்று.

எல்லையாக விளங்கிய ஆறு

பிற்காலத்தில் கொள்ளிடம் அரசுகளுக்கு இடையே எல்லையாகவும் விளங்கியது. தென்கரை தஞ்சை மராத்தியர் ஆட்சியிலும், வடகரை அரியலூர், உடையார்பாளையம் பாளையக்காரர்களின் பொறுப்பிலும் இருந்தன. இத்தாலியில் பிறந்து கடல்வழியாக இந்தியா வந்த வீரமாமுனிவர் (1680–1747), வடகரைப் பகுதியிலுள்ள ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றினார். அங்குள்ள ஆலயம் அடைக்கல மாதா என்னும் பெயர் பெற்றது. ஓர் ஆட்சியின் நெருக்கடியிலிருந்து தப்ப ஆற்றைக் கடந்தாலே போதும் என்ற நிலையை அப்பெயர் நினைவூட்டுகிறது.

ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்த தேவிக்கோட்டையை ஆங்கிலேயர் 1749-இல் கைப்பற்றினர். ஐரோப்பியர் தம் ஆவணங்களில் கொள்ளிடத்தைக் 'கொலரூன்' என்று எழுதினர்.

கீழணை: அணையே பாலமான கதை

கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையை விடத் தாழ்வானது. ஆகவே தடுப்பு இல்லாவிட்டால் காவிரி நீர் கொள்ளிடத்திலேயே அதிகம் இறங்கிவிடும். இதனால் தஞ்சைப் பாசனம் குன்றியது. இதைச் சரிசெய்ய, பொறியாளர் ஆர்தர் காட்டன் திட்டப்படி 1836-இல் முக்கொம்பில் மேலணையும், அணைக்கரையில் கீழணையும் கட்டப்பட்டன. மேலணை காவிரிக்கு நீரைத் திருப்பியது. கொள்ளிடத்தில் எஞ்சி வரும் நீரைக் கீழணை தேக்கி, வடவாறு, வடக்கு ராஜன் வாய்க்கால், தெற்கு ராஜன் வாய்க்கால் முதலியவற்றுக்கு அளித்தது. வடவாற்றின் வழியாக வீராணம் ஏரி நிரம்புகிறது. 2004 முதல் அந்த ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் செல்கிறது.

கீழணைக்கு ஒரு விலையும் இருந்தது. கட்டுமானத்துக்குத் தேவையான கருங்கற்களுக்காகக் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் சுற்றுமதிலும் பிற கட்டுமானங்களும் பெருமளவில் இடிக்கப்பட்டன. இன்று அக்கோயிலுக்குச் செல்வோர் மதிலின் பெரும்பகுதியைக் காண இயலாததற்கு இதுவே முக்கியக் காரணம். எஞ்சிய கோயில் 2004-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அணைக்கரையில் ஆறு இரண்டு கிளைகளாகப் பிரிந்து, நடுவில் ஒரு திட்டை விட்டுச் செல்கிறது. இரண்டு கிளைகளிலும் அணையின் மேலேயே சாலை போடப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டியது, இவ்வாறு சென்னை–கும்பகோணம் சாலையின் பாலமாகவும் ஆயிற்று. மாட்டு வண்டிகளுக்குப் போதுமானதாக இருந்த அந்தக் குறுகிய சாலை, பேருந்துகளும் சரக்குந்துகளும் பெருகியபோது சுமை தாங்கவில்லை. பாலம் வலுவிழந்ததால் கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

ஓடத்துறைகள்

பாலங்கள் வருவதற்கு முன் கரையோர ஊர்கள் பலவற்றில் ஓடத்துறை இருந்தது. துறை என்பது படகு கட்டுவதற்கு ஏற்ற சரிவும், ஊருக்குப் போகும் பாதையும் உள்ள கரைப்பகுதி. ஆழம் குறைந்த இடங்களில் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளியும், ஆழமான இடங்களில் துடுப்பு வலித்தும் ஓடக்காரர் படகைச் செலுத்துவார். நீரோட்டம் இழுத்துச் செல்லும் தூரத்தைக் கணக்கிட்டு, சேர வேண்டிய துறைக்குச் சற்று மேலிருந்தே படகைக் கிளப்புவது வழக்கம்.

பொதுத்துறைகளை முறைப்படுத்த 1890-ஆம் ஆண்டின் சென்னைக் கால்வாய்கள் மற்றும் பொது ஓடத்துறைகள் சட்டம் இயற்றப்பட்டது. துறையைக் குத்தகைக்கு விடுதல், கட்டணம் நிர்ணயித்தல் ஆகியவை இதன் கீழ் வந்தன. உள்ளாட்சி அமைப்புகள் துறைகளை ஏலம் விடும் வழக்கம் இம்முறையின் தொடர்ச்சியாகும்.

படகில் செல்வோரில் பலர் விவசாயிகள். ஒரு கரையில் வீடும் மறுகரையிலோ நடுத்திட்டிலோ நிலமும் இருப்பது இப்பகுதியில் புதிதன்று. படுகை நிலங்களில் கரும்பு, வாழை, காய்கறிகள் விளைகின்றன. அவற்றை விற்கக் கும்பகோணம், தஞ்சாவூர் சந்தைகள் பக்கம். உறவு முறைகளும் இரு கரையிலும் உண்டு. மேலராமநல்லூர் போன்று ஆற்றின் நடுத்திட்டில் அமைந்த ஊர்களுக்கோ வெள்ளக் காலத்தில் வெளியுலகத் தொடர்பே படகைச் சார்ந்ததாக இருந்தது.

சாலைப் பாலங்கள்

அரியலூர் மாவட்டத்தைத் தஞ்சாவூர் மாவட்டத்துடன் இணைக்கும் முக்கியக் கடவைகள் மூன்று:

1. திருமானூர்: பெரம்பலூர்–அரியலூர்–தஞ்சாவூர் சாலை இங்கு ஆற்றைக் கடந்து திருவையாறு செல்கிறது. அரியலூர், பெரம்பலூர் நகர மக்களுக்குத் தஞ்சாவூர் செல்ல நேர்வழி இதுவே.

2. மதனத்தூர்–நீலத்தநல்லூர்: ஜெயங்கொண்டம், தா.பழூர் பகுதிகளைக் கும்பகோணத்துடன் இணைக்கிறது. இப்பாலம் வந்தபின் அணைக்கரையைச் சுற்றிச் செல்லும் தேவை குறைந்தது.

3. அணைக்கரை: மீன்சுருட்டி வழியாக வரும் சென்னைச் சாலையைத் திருப்பனந்தாள், கும்பகோணம் ஊர்களுடன் இணைக்கிறது.

இம்மூன்றுக்கும் இடையே உள்ள ஊர்களில் அக்கரை கண்ணுக்குத் தெரியும். சாலை வழியே போனால் பாலம் வரை சென்று சுற்றி வர வேண்டும். பாலங்கள் பெருகிய பின்னும் படகுகள் முற்றிலும் மறையாததற்குக் காரணம் இந்தச் சுற்றுவழியே.

இரயில் பாதை

விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர், இலால்குடி வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் குறுக்குப் பாதை 1920-களின் பிற்பகுதியில் அமைக்கப்பட்டது. இது கொள்ளிடத்தைத் திருச்சி அருகிலேயே கடக்கிறது. அரியலூரிலிருந்து தஞ்சாவூருக்கு நேரடி இரயில் பாதை இல்லை. இரயிலில் செல்வோர் திருச்சியைச் சுற்றிச் செல்கின்றனர். பெரம்பலூர் நகரத்துக்கு இரயில் நிலையமே இல்லை.

பெரிய ஆறு மட்டுமே ஆபத்தானது என்பதில்லை. 1956 நவம்பர் 23 அன்று அதிகாலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவு இரயில் அரியலூர் அருகே விபத்துக்குள்ளானது. மழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சேதமடைந்திருந்ததால் இரயில் பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. 140-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பொறுப்பேற்று அப்போதைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். கோடையில் நடந்தே கடக்கக்கூடிய மருதையாறு, ஓர் இரவு மழையில் என்ன செய்யும் என்பதற்கு இது நிலையான எடுத்துக்காட்டு.

கடற்கரைக்கும் துறைமுகங்களுக்கும்

பிச்சாவரம்: படகுச் சவாரிக்கு இப்பகுதியினர் செல்லக்கூடிய அருகிலுள்ள கடலோர இடம். ஜெயங்கொண்டம், காட்டுமன்னார்கோயில் வழியாகச் சிதம்பரம் சென்று, அங்கிருந்து கிள்ளை வழியாகச் செல்லலாம். இவ்வழி கொள்ளிடத்தின் வடக்கிலேயே செல்வதால் ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இங்குத் துடுப்புப் படகுகளையும் விசைப்படகுகளையும் இயக்குகிறது. சுரபுன்னை மரங்களுக்கு நடுவே குறுகிய கால்வாய்களில் செல்லத் துடுப்புப் படகே ஏற்றது.

பரங்கிப்பேட்டை: வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் உள்ள பழைய துறைமுகம். ஐரோப்பியர் இதனைப் 'போர்ட்டோ நோவோ' என அழைத்தனர். 1781-இல் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்த ஊர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இங்கு உள்ளது.

பழையாறு: கொள்ளிட முகத்துவாரத்தின் அருகே, சீர்காழிப் பகுதியில் அமைந்த மீன்பிடித் துறைமுகம்.

நாகப்பட்டினம்: தஞ்சாவூர் அல்லது கும்பகோணம் வழியாகச் செல்லலாம். இங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று பயணிகள் கப்பல் தொடங்கப்பட்டது. சில நாட்களில் நின்ற இச்சேவை 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. பருவமழைக் காலத்தில் சேவை நிறுத்தப்படுவதுண்டு; செல்வோருக்குக் கடவுச்சீட்டு தேவை.

தூத்துக்குடி: தொலைவில் இருந்தாலும், பெரம்பலூர் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 38 இத்துறைமுக நகரில் முடிகிறது.

ஆற்றைக் கடப்போர் அறிய வேண்டியவை

கொள்ளிடத்தில் உள்ளூரில் மழை இல்லாதபோதும் வெள்ளம் வரலாம். மேலே மேட்டூரிலும் முக்கொம்பிலும் திறக்கப்படும் நீரே இதற்குக் காரணம். 2018 ஆகஸ்ட் 22 அன்று இத்தகைய வெள்ளத்தில் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. எனவே நீர் திறப்பு அறிவிப்பு வந்ததும் ஆற்றில் இறங்குவதையும், திட்டுகளில் கால்நடைகளை விட்டு வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

நடந்து கடப்போருக்கு மணல் அள்ளிய குழிகள் பெரும் ஆபத்து. மேலே முழங்கால் அளவே தெரியும் நீர், அடுத்த அடியில் ஆள் ஆழமாக இருக்கும். அணைக்கரையை ஒட்டிய பகுதிகளில் முதலைகளும் உள்ளன. எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் குளிக்கவோ மாடுகளைக் குளிப்பாட்டவோ கூடாது.

படகில் ஏறும்போது அளவுக்கு மீறிய ஆட்களையும், இரு சக்கர வாகனங்களையும் சேர்த்து ஏற்றுவது கவிழ்வதற்குக் காரணமாகிறது. உயிர்காப்பு உடை அணிதல், படகு நடுவில் செல்லும்போது எழுந்து ஒரு பக்கம் சாயாதிருத்தல், இருட்டிய பின் கடவாதிருத்தல் ஆகிய மூன்றும் அடிப்படை விதிகள். படகு கரை தட்டும் நேரத்தில் எல்லோரும் ஒரே பக்கம் நகர்வதும் ஆபத்தானதே. ஓடக்காரர் சொல்லும் வரிசையில், ஒருவர் பின் ஒருவராக இறங்குவதே முறை.