சச்சரவைத் தீர்த்த கண்ணாடிக் குப்பி

நாள்தோறும் மனத்தை உறுத்தும் சிறு தொல்லைகளே பல புதிய கருவிகளுக்கு மூலகாரணமாயிருந்திருக்கின்றன. தொல்லையைக் குறித்து முறையிடுவோர் பலர். அது எங்கிருந்து எழுகிறது, அதை எவ்வாறு அளப்பது என்று ஆராய்வோர் மிகச் சிலர். அவ்வாறு ஆராய்ந்த ஒருவரால் உண்டானதே பாலிலுள்ள கொழுப்பை அளந்தறியும் பரீட்சை. அதன் வரலாறு, பால் ஊற்றும் ஒவ்வொரு சங்கத்தின் அங்கத்தினர்களும் அறியத்தக்கது.

சச்சரவின் வேர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடபாகத்திலுள்ள விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் முற்காலத்தில் கோதுமையே பிரதான வெள்ளாமை. நிலத்தின் வளம் குன்றியும் பூச்சிகளால் பயிர் கெட்டும் கோதுமை கட்டுப்படியாகாமற் போகவே, 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியானவர்கள் கறவை மாடு வளர்ப்பதில் ஈடுபட்டனர். பல குடும்பங்களின் பால் ஒரே வெண்ணெய் நிலையத்திற்கோ பால்கட்டி நிலையத்திற்கோ வந்து, பெருந்தொட்டியில் ஒன்றாகக் கலந்தது. அந்நிலையங்களுள் பல, குடியானவர்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்தியவை. பாலை நிறுத்து, நிறைக்குத் தக்கபடி பணம் பட்டுவாடா செய்தார்கள்.

இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. வெண்ணெய் நிலையத்திற்கு வேண்டியது பாலிலுள்ள கொழுப்பு. பணமோ பாலின் நிறைக்குக் கொடுக்கப்பட்டது. ஓர் உதாரணம் காண்போம். இரண்டு அங்கத்தினர்கள் தலைக்கு 100 ராத்தல் பால் ஊற்றுகிறார்கள். முதல்வரின் பாலில் நூற்றுக்கு 5 பாகமும், இரண்டாமவரின் பாலில் நூற்றுக்கு 3 பாகமும் கொழுப்பு உண்டு. ஆக 8 ராத்தல் கொழுப்பு சேருகிறது. நிறைக்குப் பணம் என்றால், இருவருக்கும் 4 ராத்தல் கொழுப்புக்குரிய தொகை கிடைக்கும். முதல்வர் நாள்தோறும் ஒரு ராத்தல் கொழுப்பின் கிரயத்தை இரண்டாமவருக்கு இனாமாகக் கொடுத்தவராகிறார்.

நல்ல மாடு வளர்ப்பவன் நஷ்டப்படவும், பாலில் நீர் கலப்பவன் லாபமடையவும் இம்முறை இடம் கொடுத்தது. ஒருவன் நீர் கலக்கிறான் என்ற ஐயம் எழுந்தால், நாணயமாக நடப்பவனுக்கும் மனம் தளர்ந்துவிடும். நீர் கலவாதவனும் கலப்பதாகப் பேசப்படுவான். தன் மேல் சுமத்திய பழியைத் துடைத்துக்கொள்ள அவனுக்கு வழியில்லை. அங்கத்தினர்களுக்குள் நம்பிக்கை போனால், கூட்டாக நடக்கும் எத்தொழிலும் நிலைக்காது.

பால்மானி ஏன் போதவில்லை?

நீர் கலந்ததைக் கண்டுபிடிக்க லாக்டோமீட்டர் என்னும் பால்மானி அப்போதே வழக்கத்தில் இருந்தது. நீரின் அடர்த்தி 1 என்றால் பாலின் அடர்த்தி ஏறக்குறைய 1.030. நீர் கலந்தால் அடர்த்தி குறைந்து, பால்மானி ஆழமாக அமிழும். ஆனால் கொழுப்பு நீரினும் இலேசானது. ஆகையால் ஆடையை எடுத்துவிட்டால் மீதிப் பாலின் அடர்த்தி உயரும். ஆடையையும் எடுத்து, அளவாக நீரையும் விட்டுவிட்டால், பால்மானி நல்ல பாலுக்குரிய கோட்டிலேயே நிற்கும்! இருமுறை தவறு செய்தவன் குற்றமற்றவனாகத் தோன்றுவான்.

ரசாயன சாலைகளில் ஈதரைக் கொண்டு கொழுப்பைப் பிரித்து நிறுக்கும் முறையும் உண்டு. அது திருத்தமானதே. எனினும் அதற்கு நுட்பமான தராசும், தேர்ந்த ரசாயனியும், பல மணி நேரமும் வேண்டும். காலையில் வரிசையாக வந்து நிற்கும் குடியானவர்களுக்கு அது உதவாது.

பாப்காக் செய்த முயற்சி

1888-ம் வருஷத்தில் ஸ்டீபன் மோல்டன் பாப்காக் என்பவர் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் விவசாய ரசாயன ஆசிரியராக அமர்ந்தார். பால் நிலையங்களில் எவரும் எளிதில் செய்யக்கூடிய பரீட்சை ஒன்று வேண்டுமென்று அங்கு விவசாயப் பகுதியின் தலைவராயிருந்த ஹென்றி என்பவர் அவரைத் தூண்டினார். பாப்காக் பல வகையாக முயன்று ஒரு முறையை வகுத்தார். சர்வகலாசாலை மாடுகளுள் ஒன்றன் பாலில் மட்டும் அம்முறை பிழையான கணக்குக் காட்டியதாகவும், அந்த ஒரு மாட்டிற்கும் சரிப்படும் வரையில் அதை வெளியிட அவர் இசையவில்லை என்றும் அவர் வரலாற்றில் கூறுவர். 1890-ம் வருஷத்தில் முறையை வெளியிட்டார். அதற்கு அவர் பேடண்ட் உரிமை பெறவில்லை. யாவரும் தடையின்றிச் செய்துகொள்ளலாமென விட்டுவிட்டார்.

பரீட்சையின் விதம்

நீண்ட கழுத்துடைய கண்ணாடிக் குப்பியில் 18 கிராம் பால் விடவேண்டும். அதனோடு ஏறக்குறைய அதே கொள்ளளவு கந்தகத் திராவகத்தை மெள்ளச் சேர்த்துக் கலக்கவேண்டும். திராவகம் பாலிலுள்ள தயிர்ப்பொருள் முதலியவற்றைக் கரைத்துவிடும். கொழுப்பை மட்டும் கரைக்காது. கலக்கும்போது உண்டாகும் சூட்டினால் கொழுப்பு உருகி விடுபடும். குப்பிகளை ஒரு சுழல் யந்திரத்தில் வைத்துச் சுற்றினால், கனமான திரவம் அடியிலும் இலேசான கொழுப்பு மேலும் ஒதுங்கும். பிறகு வெந்நீர் விட்டு மறுபடியும் சுற்ற, கொழுப்பு மஞ்சள் நிறமாய்க் கழுத்தில் ஏறி நிற்கும்.

கழுத்தில் கோடுகள் உண்டு. ஒரு பெருங்கோட்டிற்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள கொள்ளளவு 0.2 கன சென்டிமீட்டர். உருகிய கொழுப்பின் அடர்த்தி ஏறக்குறைய 0.9, ஆதலால் அவ்வளவு கொழுப்பின் நிறை 0.18 கிராம். அது 18 கிராம் பாலில் நூற்றில் ஒரு பாகம். எனவே கொழுப்பு நான்கு பெருங்கோடுகளுக்கு நின்றால், பாலில் நூற்றுக்கு 4 பாகம் கொழுப்பு என்று கணக்குப் போடாமலே சொல்லிவிடலாம். தராசில்லை; ரசாயனியும் வேண்டியதில்லை. பல அங்கத்தினர்களின் பாலை ஒரே சமயத்தில் பார்த்துவிடலாம். கந்தகத் திராவகம் கண்ணிலோ தோலிலோ பட்டால் கடுமையாகப் புண்படுத்துமாகையால், பழகியவரே இதனைக் கையாள வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

விளைந்த பலன்

கொழுப்புக்குப் பணம் என்று ஏற்பட்டதும் நீர் கலப்பதில் லாபமில்லாமற் போயிற்று. ஒரு படி நீர் சேர்த்தாலும் கொழுப்பு ஒரு துளியும் கூடாதல்லவா? அங்கத்தினர் தம் கண்ணாலேயே கோட்டைப் பார்க்கலாம்; நிலையத்தாரின் சொல்லை நம்பியே தீரவேண்டியதில்லை. எதிர்பாராத வேறொரு நன்மையும் உண்டாயிற்று. தம் தொழுவத்திலுள்ள மாடுகளைத் தனித்தனியே பரீட்சித்த குடியானவர்கள், எம்மாடு தீனிக்குத் தக்க பலன் தருகிறது, எம்மாடு தருவதில்லை என்று முதன்முதலாக அறிந்தனர். நல்ல கன்றுகளைத் தெரிந்து வளர்ப்பதற்கு அது துணையாயிற்று.

சில ஆண்டுகளுக்குள் ஸ்விட்ஸர்லாந்தில் கெர்பர் என்பவர் அமைத்த இதையொத்த முறையும் பரவிற்று. இந்தியாவில் பெரிதும் வழக்கத்திற்கு வந்தது கெர்பர் முறையே. இக்காலத்தில் பல சங்கங்களில் மின்சாரக் கருவி நொடிப்பொழுதில் எண்ணைக் காட்டிவிடுகிறது. கொழுப்பு ஒன்றையே பார்ப்பதிலும் ஒரு குறையுண்டு. பாலின் ஏனைய சத்துக்களுக்கு மதிப்பில்லாமற் போகும். ஆகையால் தமிழ்நாட்டுப் பால் சங்கங்களில் கொழுப்போடு, கொழுப்பு நீங்கலான திடச்சத்தும் கணக்கில் சேர்க்கப்படுகிறது. அதை அறிய, கொழுப்பின் அளவோடு பழைய பால்மானியின் அளவையும் சேர்த்துக் கணிக்கும் முறை உண்டு. தனித்து நின்றபோது ஏமாந்த கருவி, துணை கிடைத்தபின் உண்மை சொல்லலாயிற்று.

அங்கத்தினர் கவனிக்கவேண்டியவை

விஸ்கான்ஸின் குடியானவர்களுடைய தொல்லை பல வருஷங்கள் வெறும் பேச்சாகவே இருந்தது. “யார் ஏமாற்றுகிறார்?” என்று கேட்டவரையில் சண்டையே மிஞ்சிற்று. “பாலில் கொழுப்பு எவ்வளவு?” என்ற கேள்வி பிறந்தபின்னரே வழி தோன்றியது. ஆகவே ஒரு குறை ஓயாது தலைகாட்டுமாயின், அதற்கு ஒரு மனிதனைப் பொறுப்பாக்குமுன், எதை அளக்காமல் விட்டோம் என்று சங்கத்தார் பார்க்கவேண்டும். காணும் பரிகாரமும் சாமானியர் கையால், யாவரும் பார்க்கும் இடத்தில், சொற்பச் செலவில் நடக்கக்கூடியதாயிருக்க வேண்டும். பெரும்பாலோருக்குச் சரிப்பட்டது போதுமென விடாமல், கடைசி ஒரு மாட்டிற்கும் பொருந்துகிறதா என்று சோதித்தலும் அவசியம்.

தம் பாலுக்குரிய அளவைத் தம் எதிரிலேயே பார்க்கவும், அது சீட்டில் சரியாக எழுதப்படுகிறதா என்று கவனிக்கவும் ஒவ்வோர் அங்கத்தினரும் பழகுவாராக. ஐயம் உண்டானால் வீட்டுத் திண்ணையில் பேசாமல், அளவு பார்க்கும் இடத்திலேயே மறுபடி பார்க்குமாறு கேட்பது நலம். இப்பரீட்சை ஏற்பட்டதே அதன் பொருட்டுத்தான்.